நாலரை மணி பஸ்ஸும் கடைசி டிரேயும்

“...அப்போ இத்தனை வருஷமா என் சாதம் கறுத்துப் போறதுக்குக் காரணம் கொதி இல்லே, நாலரை மணி பஸ்ஸுன்னு சொல்றேள், அல்வா?”

எங்கள் முதலாளியம்மா, ‘இல்லையா’வுக்குப் பதில் கன்னடத்து ‘அல்வா’வைப் போட்டு, இப்படிக் கேட்டு நிறுத்தியபோது அவர் எதிரில் மூன்று பேர் நின்றிருந்தோம். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்த பெண். ஈரக் கையுறையைக் கழற்ற மறந்துபோன, டிரே அடுக்கும் அக்கா. அப்புறம் நான். ஜன்னலுக்கு வெளியே அந்த பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. தன்மேல் வழக்கு நடப்பது தெரியாமல் உறுமிக்கொண்டிருந்தது.

அம்மா அடுத்து என்ன செய்தார் என்பதற்கு முன்னால், ஒரு பஸ் எப்படிச் சோற்றைக் கறுக்க வைக்கும் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் கதை அளப்பதாக நினைப்பீர்கள்.

மைசூரில் ஒரு தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பிஸிபேளேபாத்தைச் சமைத்து, பவுச்சில் அடைத்து, ஒட்டி, ரிட்டார்ட்டில் வைத்து வேகவிட்டு அனுப்புகிறோம். பவுச்சை வெந்நீரில் போட்டு எடுத்தால் சாப்பாடு. ஃபிரிட்ஜ் வேண்டாம், வருடம் ஆனாலும் கெடாது. ரிட்டார்ட் என்றால் படுக்க வைத்த பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் குனியாமல் உள்ளே நடந்து போகலாம், போகக் கூடாது. அதை ஓட்டுகிறவன் நான்.

படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. தமிழ், நான் பிறந்த ஹனூர் பக்கத்திலிருந்து கூட வந்தது. கன்னடத்தை இந்த ஊர் கொடுத்தது. இங்கிலீஷ், மெஷினோடு வந்த புத்தகத்திலிருந்து நானே எழுத்துக்கூட்டி எடுத்துக்கொண்டது. அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எச்சரிக்கைகள்தான் அதிகம். ‘திறக்காதே’, ‘தொடாதே’, ‘உடனே விலகு’ எல்லாம் சரளமாக வரும். ‘நலமா’ என்று கேட்கத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு லோடுக்கும் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டின் பின்பக்கங்களில் இன்னொரு பதிவும் உண்டு. யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்னால் அதை விட முடியாது, அங்கே குறித்துக்கொள்வேன். எங்கள் பஸ் டிரைவர் ஒருமுறை சொன்னது அதில் இருக்கிறது: “வண்டி கம்பெனியோடது. நேரம் என்னோடது.” இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலாளியம்மாவின் குடும்பத்துக்கு வேர் மேலுக்கோட்டையில். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கொண்டுவந்த தமிழை இன்னும் வீட்டில் பேசுகிறவர்கள். நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவர் அதை எழுப்பிவிட மாட்டார். பவுச்சின் மேல் அவர் படம்தான் இருக்கும், பட்டுப்புடவையில், கைகூப்பியபடி. இந்தப் படத்தோடு வெளிவந்த முதல் பவுச்சை அவர் விஜயநகர் வீட்டுக்குக் கொண்டுபோய், வெந்நீரில் போட்டு, வீட்டுக்காரருக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறார். ஓய்வுபெற்ற எஞ்சினியர் அவர். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு காலிப் பவுச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

“படத்துலே நீ நன்னா இருக்கே. உள்ளே இருக்கறது யாருன்னுதான் தெரியலே.”

இதை அம்மாவே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் வருடா வருடம் சொன்னார். சிரித்து முடிந்த விஷயத்தை யாரும் இத்தனை தடவை சொல்வதில்லை. அன்றிலிருந்து அவர் பவுச் ஊரெல்லாம் போனது, கடல் தாண்டியும் போனது, அவர் வீட்டு இலைக்கு மட்டும் போகவில்லை. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. என் ஆத்து இலையிலே இதைப் போடணும், அவர் ஒண்ணும் சொல்லாம சாப்பிடணும் என்பார். பாராட்ட வேண்டாமாம், பேசாமலிருந்தால் போதுமாம்.

வீட்டுக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கும்போது பிஸிபேளேபாத் பொன்னிறமாக, அரிசி அரிசியாகவும் பருப்பு பருப்பாகவும் இருக்கும். பெருங்காயம் வாசல்வரை வரும். ரிட்டார்ட்டிலிருந்து வெளியே வரும்போது எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, மர நிறத்தில், சற்றுத் தீய்ந்த வெல்லம் போல ஒரு வாசனையோடு வரும். காரணம், ரொம்ப நேரம் வேகிறது. ஏன் ரொம்ப நேரம்? கடைசிப் பவுச்சுக்காக.

ஆயிரம் பவுச் உள்ளே போனால் ஆயிரமும் ஒன்றுபோல் சூடாகாது. ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று போகும்போதே கொஞ்சம் ஆறியிருக்கும், ஒன்று நீராவி நன்றாகப் படாத மூலையில் மாட்டிக்கொள்ளும். காற்றில்லாத இடத்தில் வளர்கிற ஒரு கிருமி உண்டு. அது ஒரு பவுச்சில் பிழைத்துக்கொண்டாலும் போதும், சாப்பிட்டவரைப் படுக்க வைத்துவிடும், எழவிடாமலும் செய்துவிடும். ஆகவே எல்லாவற்றிலும் சோம்பலான பவுச்சின் நடுமையம் போதிய சூட்டில் போதிய நேரம் இருக்கும்வரை, மற்றதெல்லாம் கொதியில் காத்திருக்க வேண்டும். அம்மா இதைத் தன் பாஷையில் சொல்வார்: பந்தியிலே கடைசி ஆள் மோர் சாதம் முடிக்கற வரைக்கும் யாரும் எழுந்துக்கப்படாது, அதுபோல. உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இடுப்பு வலிப்பதுபோல எங்கள் சாதத்துக்கு நிறம் போனது.

இந்த நிலையில்தான் அந்தப் பெண் வந்தாள். பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கன்னடம் ஓடும், தமிழ் நடக்கும். பவுச்சுக்குப் பவுச்சு, லோடுக்கு லோடு என்னென்ன மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்று அளந்து கணக்குப் போட்டால், அந்தக் கடைசிப் பவுச் உண்மையிலேயே எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று தெரிந்துவிடும் என்றாள். வேண்டாத நிமிடங்களைக் கழித்துவிடலாம். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த வெளிச்சம் பவுச் மேலிருக்கும் படத்தில்கூடக் கிடையாது.

அந்தப் பெண் எங்கள் எல்லோரிடமும் வந்து கேட்டாள். “எனக்கு நல்லது பேடா அங்கிள். எது எது சரியா நடக்கலே, எது எது மாறுது, அதைச் சொல்லுங்க, சாக்கு.”

நல்லது வேண்டாமாம், மாறுவதைச் சொன்னால் போதுமாம். எவ்வளவு நல்ல பெண், ஆனால் எவ்வளவு தெரியாத பெண். நோட்டும் பேனாவுமாக யார் உள்ளே வந்தாலும் அவர் சோதனை போட வந்தவர் என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். டிரே எப்படி அடுக்குவீர்கள் என்றால் அக்கா, ஒன்றின்மேல் ஒன்று படாமல், தட்டையாக, விரல் இடைவெளி விட்டு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நீராவி அழுத்தம் எப்படி என்றால் நான், எப்போதும் ஒரே சீர் என்பேன். அவள் எழுதிக்கொண்டே போனாள். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒரே எழுத்தாக இருப்பதை எண்ணி ஆச்சரியப்பட்டிருப்பாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொள்ளேகாலத்துக்கு அந்தப்புறம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். என்னைவிடச் சின்னவர், ஆனாலும் கம்பெனிக்கே அக்கா. கம்பெனி பஸ் அவரையும் இன்னும் பல பெண்களையும் நாலரைக்கு ஏற்றி, நகர பஸ் ஸ்டாண்டில் விடும். அங்கே கொள்ளேகாலம் பஸ் புறப்படத் தயாராக இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்ததில் நின்றுகொண்டே போய், இறங்கி, இருட்டில் கரும்புக்காட்டு ஓரமாக நடக்க வேண்டும். டிரைவர் நாலேகாலுக்கே இன்ஜினைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தம் உள்ளே எங்களுக்குக் கேட்கும்.

சோதனை நாட்கள் வந்தன. பவுச்சுக்குள் மெல்லிய ஒயர் ஒன்றைச் செருகி, அதன் நுனி சாதத்தின் நடுவில் நிற்கும்படி வைத்து, மறுமுனையை வெளியே கணினியோடு இணைத்துவிட்டால், உள்ளே வேகிறவனுக்கு எத்தனை டிகிரி என்று வெளியே கோடாக ஏறும். மூன்று நாள் காலை முதல் லோடில் சோதனை.

முதல் நாள் போனபோது தரை கண்ணாடியாக இருந்தது. ரிட்டார்ட் கதவில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் புதுக் கையுறை. மற்ற நாளில் கண்பார்வைக்கே சரி என்று விடுகிற பவுச்சை அன்றைக்கு ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, கூடினதில் ஒரு பருக்கையை எடுத்து, குறைந்ததில் ஒரு பருக்கையைப் போட்டார்கள். அக்கா ஒவ்வொரு பவுச்சையும் உள்ளங்கையால் நீவி நீவித் தட்டையாக்கினார், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் தலையை வாரி விடுவதுபோல.

அந்தப் பெண் ஒயர் வைத்த பவுச்சுகளில் ஒன்றைக் கதவோரம், அடி டிரேயின் மூலையில் வைக்கச் சொன்னாள். தண்ணீர் தேங்குகிற இடம், சூடு கடைசியாகப் போகிற இடம். கேட்டதென்னவோ சரியான இடம்தான். அவள் கணினிப் பக்கம் திரும்பியதும் அக்கா அதை எடுத்து நாலு விரல் உள்ளே நகர்த்தி, அடியில் ஈரமில்லாமல் துடைத்து வைத்தார். நான் பார்த்துவிட்டேன். என்னக்கா இது என்றேன்.

“ஏனுங்ண்ணா, அந்தப் புள்ள நம்மள நம்பி வந்துருக்குது. அதோட பொட்டலத்தைக் கொண்டி வாசப்படி ஈரத்துலயா ஒக்கார வெப்பாங்க?”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஏனென்றால் நானும் என் பங்குக்கு மரியாதை செய்திருந்தேன். சமையல் கொப்பரைகளும் ரிட்டார்ட்டும் ஒரே பாய்லரிலிருந்துதான் நீராவி எடுக்கும். கொப்பரை ஓடினால் ரிட்டார்ட் சூடேற நேரமாகும். அன்றைக்குக் கொப்பரைக்காரரிடம் சொல்லி அரைமணி நேரம் வால்வை மூட வைத்துவிட்டேன். விருந்தாளி குளிக்கும்போது யாராவது சமையலறைக் குழாயைத் திறப்பார்களா?

கோடுகள் ஏறின. பன்னிரண்டு ஒயர், பன்னிரண்டு கோடு. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோடு மாதிரி. மூன்று நாளும் அதேதான். நாங்கள் பெருமையாக நின்றோம். அந்தப் பெண் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இவ்ளோ சென்னாகி வரக் கூடாதே அங்கிள்” என்றாள். நன்றாக வந்ததற்கு ஒருத்தி வருத்தப்படுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவள் வேலை கணினிக்குள் நடந்தது. எங்கள் ரிட்டார்ட்டைப் போல ஒன்றைக் கணக்காலேயே உள்ளே கட்டியிருந்தாள். அதில் ஒரு பவுச்சைப் பத்தாயிரம் தடவை வேகவைப்பாளாம். ஒவ்வொரு தடவையும் எடையைக் கொஞ்சம், தடிமனைக் கொஞ்சம், நீராவியைக் கொஞ்சம், நாங்கள் காட்டிய அளவுக்குள் கூட்டிக் குறைத்துப் பார்ப்பாளாம். எந்தத் தடவை என்ன வரும் என்பதைக் குருட்டாம்போக்கில் கணினியே எடுக்கும்.

“பகடை உருட்டறதுக்கா கண்ணு இத்தனை படிப்பு?” என்று அக்கா கேட்டார்.

எங்க வீட்டுலயும் இதேதான் கேக்கறாங்க அக்கா என்று அவள் சிரித்தாள்.

பகடை எங்கள் பக்கம் விழுந்தது. அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற கம்பெனிக்குக் கொதி நேரத்தில் நாலில் ஒரு பங்கு அனாவசியம் என்று கணக்கு சொன்னது. அந்தக் குறைந்த நேரத்தில் சோதனைக்கு ஒரே ஒரு சிறு லோடு எடுத்தோம். பவுச்சை வெட்டிப் பார்த்தால் மஞ்சள் நிறம், பருப்பு தனியாகத் தெரிந்தது. அம்மா இரண்டு பவுச்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கம்பெனிக்குள் நுழைந்தவர் நேரே என்னிடம் வந்தார். வீட்டுக்காரர் பவுச்சைத் திருப்பிப் பார்க்கவில்லையாம். படத்தைப் பற்றியும் பேசவில்லையாம். இலையை மடிக்கும் முன்னால், இன்னும் ஸ்வல்பம் இருக்கா என்று மட்டும் கேட்டாராம். அம்மா அதை இரண்டு தடவை சொன்னார். தசரா முடிந்து கம்பெனி திறக்கிற அன்றைக்குப் புது நேரத் தாளை ரிட்டார்ட் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்றார். நான் சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வேன்? அந்த முகத்துக்கு முன்னால் வேறு வார்த்தை வரவில்லை.

வந்திருக்க வேண்டும். ஏனென்றால் எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும், நாலேகால் மணிக்கு என்ன நடக்கும் என்று.

அடைத்த பவுச்சை மறுநாள் வரை வைத்திருக்க முடியாது, அன்றே வேகவைத்தாக வேண்டும். எங்களிடம் டிரேயும் டிராலியும் கொஞ்சம்தான். கடைசி லோடில் பவுச் மிஞ்சினால், முதலில் உள்ளே போனது வெந்து, ஆறி, வெளியே வந்து, டிரே காலியாகி, மறுபடி அடுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். பஸ் நிற்காது. அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், வெளியே இன்ஜின் சத்தம் கேட்டதும், விரல் இடைவெளி எல்லாம் மறைந்துவிடும். பவுச்சுகள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு, சினிமா க்யூவில் நிற்பதுபோல நெருக்கியடித்து உள்ளே போகும். எல்லாம் ஒரே லோடில் அடங்கிவிடும். பெண்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நானும் இன்னொரு லோடு ஓட்டாமல் வீட்டுக்குப் போவேன். இதில் நான் யாரையும் குறை சொல்லும் இடத்தில் இல்லை.

பழைய நேரம் ரொம்ப நீளம் என்பதால் இது எல்லாவற்றையும் அது தாங்கிக்கொண்டது. ஒவ்வொரு லோடிலும் நாலு பவுச் எடுத்து உப்புகிறதா என்று வெப்ப அறையில் வைத்துப் பார்ப்போம். ஒருநாளும் உப்பியதில்லை. அந்த நாலையும் எப்போதும் மேல் டிரேயிலிருந்தே எடுத்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கைக்கு எட்டுவது அதுதானே.

தசராவுக்கு முன்னால் ஆர்டர் குவிந்திருந்த ஒரு மதியம். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் வேலை இருந்தது, ஆனால் செய்யவில்லை.

“ஏனுங்ண்ணா, நேரத்தைக் கொறச்சுப்போட்டா, நம்ம கடைசி லோடு என்னத்துக்கு ஆகும்?”

பார்க்கலாம் அக்கா, அம்மாகிட்ட சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நேற்றும் எனக்குள்ளே இதைத்தான் சொல்லிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் போல. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நாளைக்கு நாளைக்குன்னு நீங்க நோட்டுல எழுதிட்டே இருங்க. திங்கறவன் இன்னைக்குத் திம்பான்.”

அப்போது அந்தப் பெண் தன் ஒயர்களையெல்லாம் சுருட்டி எடுத்துப் போக வந்திருந்தாள், அவள் வேலை முடிந்துவிட்டதென்று. அக்கா நேராக அவளிடம் போனார். ஒரு நாலு ஒயரு குடு கண்ணு, இன்னைக்குச் சாயங்காலம் ஒருவாட்டி வெச்சுப் பாக்கலாம் என்றார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

நாலேகாலுக்கு இன்ஜின் உறுமியது. அக்கா வழக்கம்போல அடுக்கினார். அதாவது உண்மையான வழக்கம்போல. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பவுச்சுகளில், அடி டிரேயில், கதவோர மூலையில் இரண்டு ஒயர். மேல் டிரேயில், தட்டையாகக் கிடந்த பவுச்சுகளில் இரண்டு. கொப்பரைகளும் ஓடிக்கொண்டிருந்தன, நான் எந்த வால்வையும் மூடச் சொல்லவில்லை. மற்ற பெண்கள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்கள். அக்கா ஏறவில்லை. அன்றைக்கு பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

கணினியில் இரண்டு கோடுகள் சேர்ந்து மேலே ஏறின. மற்ற இரண்டும் கீழே தவழ்ந்தன. அந்தப் பெண் முதலில் ஒயர் கழன்றுவிட்டதென்று நினைத்து, போய் அதன் வெளிமுனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்து, கீழே தவழும் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

“இது யாரு?”

“அது நாங்கதான் கண்ணு” என்றார் அக்கா. “நாலரை மணி நாங்க.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். மூன்று நாள் காலையில் அவளை ஏமாற்றியிருக்கிறோம், அதுவும் அன்பால். அவள் நாற்காலியை இழுத்து அக்காவை உட்கார வைத்து, எதிரில் அமர்ந்து, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை டிரே, எவ்வளவு ஏறும் என்று கேட்டாள். முதல் தடவையாக அக்கா சுவரைப் பார்க்காமல் பதில் சொன்னார். பவுச் மேல் பவுச் ஏறினால் தடிமன் இரண்டு மடங்கு, அப்போது நேரமும் இரண்டு மடங்கு போதாதா என்று நான் கேட்டேன். இல்லே அங்கிள், தடிமன் ரெண்டு ஆனா டைம் நாலு ஆகும் என்றாள். ஒரு பவுச் பாதி மட்டும் ஏறியிருந்தாலும் அந்தப் பாதிக்கு அதே தாமதமாம். இதை இத்தனை வருடம் ரிட்டார்ட் ஓட்டியும் நான் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தில் ‘ஒன்றின்மேல் ஒன்று வைக்காதே’ என்று மட்டும்தான் இருந்தது, ஏன் என்று இல்லை. எச்சரிக்கைகளை மட்டும் படித்தவன் கதி இது.

அந்த லோடு பழைய நேரத்தில் தப்பித்தது. எவ்வளவில் தப்பித்தது என்று அவள் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். அவ்வளவு கிட்டத்தில். அக்காவை இருட்டுவதற்குள் என் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, நாளைக்கு அம்மாகிட்ட நான் சொல்றேன், நீங்க பின்னால நில்லுங்க போதும் என்றார்.

மறுநாள் மதியம் அந்தப் பெண் வந்தாள். பகடையை மறுபடி உருட்டியிருந்தாள். எடை, தடிமன், நீராவி என்று அவள் வைத்திருந்த பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: நாலரை மணி. பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் வாசிக்கப்போகிற ஆராய்ச்சியில் எங்கள் டிரைவர் இப்படி இடம்பிடித்தார், பாவம், அவருக்குத் தெரியாது. கணக்கு சொன்னது இதுதான். புது நேரமும் நெருக்கிய டிரேயும் சேர்ந்தால் பவுச் பிழைத்தாலும் சாப்பிடுகிறவர் பிழைப்பது நிச்சயமில்லை. நெருக்கித்தான் அடுக்குவோம் என்றால் பழைய நேரம் வேண்டும், கறுத்த சாதம் வேண்டும். புது நேரம் வேண்டுமென்றால் எல்லா டிரேயும், எல்லா நாளும், அந்த மூன்று காலை நேரங்களைப் போல இருக்க வேண்டும்.

அம்மாவைக் கூப்பிட்டோம். நேரம் நாலேகால். எங்களுக்குப் பின்னால் ரிட்டார்ட் வாசலில் கடைசி டிராலி நின்றது, பவுச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அக்கா அடுக்கியபடி. மாற்றி அடுக்காமல் அப்படியே விட்டிருந்தார், அம்மா பார்க்கட்டும் என்று. வெளியே இன்ஜின்.

அக்காதான் சொன்னார். கையுறையோடு, நேராக, எதையும் மென்று விழுங்காமல். மரியாதைக்காக ஒயர் பவுச்சை நகர்த்தியதையும் சொன்னார், நாலரை மணிக்கு ஓடுவதையும் சொன்னார். நான் பின்னால் நிற்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் வந்து நின்று, கொப்பரை வால்வை மூடியதையும் மேல் டிரேயிலிருந்தே எடுப்பதையும் சொன்னேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. அவருக்கு அப்புறம் சொல்வது எளிதாக இருந்தது.

அம்மா அந்தப் பெண்ணின் கணினியைப் பார்த்தார். தவழ்கிற கோட்டைப் பார்த்தார். டிராலிக்கு அருகில் போய் மேலே கிடந்த பவுச்சை விரலால் தூக்கினார். அதன் அடியில் இன்னொன்று, அதில் பட்டுப்புடவையும் கூப்பிய கையும் பாதி மட்டும் தெரிந்தது. அப்போதுதான் திரும்பி அதைக் கேட்டார். இத்தனை வருஷமா என் சாதம் கறுத்துப் போறதுக்குக் காரணம் நாலரை மணி பஸ்ஸா என்று.

பதில் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

தொலைபேசியை எடுத்து யாரையாவது திட்டுவார் என்று நினைத்தேன். அல்லது, பழைய நேரமே இருக்கட்டும், இர்லி விடுங்கோ என்று பெருமூச்சு விட்டு மேலே போய்விடுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எங்களில் யாருக்கும் வருத்தமில்லை. பஸ்ஸும் நேரத்துக்குப் போயிருக்கும், சாதமும் வழக்கம்போலக் கறுத்திருக்கும், அவர் வீட்டில் மட்டும் அந்தப் பழைய வார்த்தை இன்னொரு வருடம் சொல்லப்பட்டிருக்கும்.

அவர் மேஜையிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். தன் காரைத் தாண்டி நடந்தார். பஸ்ஸின் படியில் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஏறினார். டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னது ஜன்னல் வழியே காதில் விழுந்தது. கடைசி டிரே வெந்து வரும்வரை பஸ் இங்கேயே நிற்கட்டும், அப்புறமும் இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வேண்டாம், எத்தனை மணியானாலும் நேராகக் கொள்ளேகாலத்துக்கே போகட்டும், ஒவ்வொருவரையும் அவரவர் ஊர்முனையில் இறக்கிவிட வேண்டும் என்றார். டிரைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

என் பக்கத்தில் அக்கா ஏற்கெனவே மேல் டிரேயைக் கீழே இறக்கியிருந்தார். முதல் பவுச்சை எடுத்து உள்ளங்கையால் நீவினார். அம்மா பஸ்ஸுக்குள் ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்து, கதவுக்குப் பக்கத்து முதல் இருக்கையில், இத்தனை வருடமாக அக்காவைத் தவிர யாரும் உட்காராத இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.